பச்சை எரிகிற கை

ஊரில் எல்லாருக்கும் சிவப்பைக் கண்டால் பயம். எனக்குப் பச்சையைக் கண்டால்தான் பயம். மணிக்கட்டில் கடுகளவு விளக்காக எரிகிறதே, அந்தப் பச்சை. அது எரிந்தால் எதிரில் நிற்பவர்கள், நல்லாத்தானே இருக்கா என்று திரும்பிக்கொள்கிறார்கள். அப்படித் திரும்பிக்கொண்டதில் இரண்டு உசிர் போகப் பார்த்தது. அதற்கு வழி சொல்லிக் கொடுத்தவள் நான்.

என் பெயர் பூரணம். தூத்துக்குடிக்குத் தெற்கே, திருச்செந்தூர் ரோட்டிலிருந்து உள்ளே பிரிந்து உடைமரக் காட்டுக்குள் போனால் எங்கள் இறால் கம்பெனி. பதினாறு வருஷமாக அங்கே உரிக்கிறேன். ஐஸ் தண்ணீரில் கிடக்கிற இறாலை எடுத்துத் தலையைக் கிள்ளி, ஓட்டை உரித்து, முதுகில் ஓடுகிற கறுப்பு நரம்பை உருவி, தட்டில் போட வேண்டும். அடுத்த இறால். அதற்கு அடுத்த இறால். எட்டு மணி நேரமும் நின்றுகொண்டேதான். விரலில் தொடங்கின வலி மணிக்கட்டுக்கு ஏறி, முழங்கைக்கு ஏறி, பத்தாவது வருஷம் கழுத்தில் வந்து குடியேறிவிட்டது. கையைத் தூக்கித் தலை பின்ன முடியாது. வீட்டுக்காரர் இருந்தவரைக்கும் அவர்தான் பின்னிவிடுவார். அவர் போன பிறகு முடியைக் கழுத்தளவுக்கு வெட்டிக்கொண்டேன்.

அப்போதுதான் கம்பெனியில் பட்டை கொடுத்தார்கள். ரப்பர் பட்டை, இடது மணிக்கட்டில் போடுவது. முதலுதவி அறையில் நர்ஸ் சுபாஷினி ஒவ்வொருத்தியாகக் கூப்பிட்டு மாட்டிவிட்டாள். மதுரைப் பக்கத்துச் சின்னப் பெண்.

“ஷாக் அடிக்குமா பிள்ள?” என்று கேட்டேன்.

“அடிக்காதுக்கா. இது உங்க உடம்புக்குக் கண்ணாடி. நாடி, வேர்வை, விரல் சூடு, தசை எவ்வளவு இறுகுது, எல்லாத்தையும் பார்த்து ஒரு கலராக் காட்டும். வலியோ பயமோ ஜாஸ்தின்னா சிவப்பு. கொஞ்சம் குறைஞ்சா மஞ்சள். அடங்கிருச்சுன்னா பச்சை.”

“கண்ணாடி பாத்தா வலி போயிருமாக்கும்?”

“மூஞ்சியில கரி இருக்குன்னு கண்ணாடி காட்டுது. துடைக்கிறது யாரு? நீங்கதானே? மூச்சை இழுத்து விட்டுப் பாருங்க. எப்படி விட்டா சிவப்பு இறங்குதுன்னு நீங்களே கண்டுபிடிக்கணும். ஒவ்வொருத்தருக்கு ஒரு வழி. ரெண்டு மாசம் பழகிட்டா உடம்பு தானாப் பண்ணிக்கும். உங்களைக் கேக்கவே கேக்காது.”

அந்தக் கடைசிப் பேச்சை அன்றைக்கு நான் காதில் வாங்கவில்லை.

என் வழியைக் கண்டுபிடிக்க எனக்கு நான்கு நாள் ஆயிற்று. நான் முப்பத்தொன்றாவது வயதில் எழுத்துப் படித்தவள். ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு டீச்சரம்மா சர்ச் ஹாலில் வந்து சொல்லிக் கொடுத்தார்கள். ஐஸில் விறைத்த விரலில் சாக்பீஸ் நிற்காது. ‘அ’ போட மட்டும் எனக்கு மூன்று ஞாயிறு தேவைப்பட்டது. அதனாலோ என்னவோ, அந்த எழுத்து எனக்குள் ஆழமாக இறங்கிவிட்டது. கழுத்து வலி கிளம்பும்போது கண்ணை மூடாமல் மனசுக்குள் மெதுவாக ‘அ’ போட்டேன். சுழி போடும்போது மூச்சை இழுத்தேன். வயிற்றை வளைக்கும்போது அடக்கினேன். குறுக்கே கோடு இழுத்துக் கீழே இறக்கும்போது விட்டேன். எட்டாவது ‘அ’வில் பட்டை லேசாகத் துடித்தது. பார்த்தால் பச்சை.

பொய் சொல்லக் கூடாது. அது நல்ல காலம். ஐஸில் கிடக்கிற விரலுக்கு நானே சூடு வரவழைத்தேன். கழுத்தை இரண்டு பக்கமும் திருப்பினேன். முடியைத் திரும்ப வளர விட்டேன்.

பிறகு கம்பெனிக்காரன் ஒவ்வொருத்தி தலைக்கு மேலும் ஒரு பெரிய விளக்கு வைத்தான். கையில் எரிகிற கலர் தலைக்கு மேலும் எரியும். பத்து நிமிஷம் தொடர்ந்து சிவப்பாக இருந்தால் மணி அடிக்கும். அவள் வெளியே போய் ஓய்வெடுக்க வேண்டும். மாதத்தில் மூன்று தடவை மணி அடித்தால், “உடம்பு தேறினதும் சொல்லி அனுப்புதோம்” என்பார் சூப்பர்வைசர் பொன்ராஜ். யாருக்கும் சொல்லி அனுப்பியதில்லை.

பிறகென்ன, எல்லாரும் வழி கண்டுபிடித்தார்கள். ஒருத்தி ஜெபமாலை சொன்னாள். ஒருத்தி பொன்ராஜையே வாய்க்குள் திட்டினாள், இழுக்கும்போது ஒரு வார்த்தை, விடும்போது ஒரு வார்த்தை. எல்லாரையும் விட அவளுக்குத்தான் சீக்கிரம் பச்சை வரும்.

நாங்கள் மூக்கையும் வாயையும் மூடி, தலைக்கு வலைத்தொப்பி போட்டு நிற்கிறவர்கள். வெளியே தெரிவது கண் மட்டும்தான். முன்னெல்லாம் அந்தக் கண்ணைப் பார்த்தே எவள் அழுதுவிட்டு வந்தாள், எவள் சாப்பிடாமல் வந்தாள் என்று சொல்லிவிடுவோம். விளக்கு வந்த பிறகு நிமிர்ந்தால் பார்வை தலைக்கு மேலே போய்விடும். பச்சையா, சரி. குனிந்துகொள்வோம். எங்கள் தப்பு அதுதான். அதை யாரும் எங்களுக்குச் சொல்லித் தரவில்லை. நாங்களாகவே பழகினோம்.

எனக்கு நேர் எதிரே நிற்பவள் ஜெனோவா. திரேஸ்புரத்துக்காரி. அவளுக்கும் என் வயதுதான், முப்பத்தெட்டு. அவள் புருஷன் கித்தேரியான் தங்குகடலுக்குப் போகிறவர். ஒரு தடவை போனால் கரைக்குத் திரும்ப நாலைந்து நாளாகும். அவளுக்கு மட்டும் எந்த வழியும் சரிப்படவில்லை. ஜெபம் சொன்னால் அழுகை வருகிறது என்றாள். பன்னிரண்டு வருஷத்தில் மூன்று பிள்ளை வயிற்றில் தங்காமல் போனவள். மாதா பெயரை எடுத்தாலே அந்த மூன்றும் ஞாபகம் வந்துவிடும். ஏற்கெனவே இரண்டு மணி வாங்கிவிட்டாள்.

சாப்பாட்டு நேரத்தில் என் வழியைச் சொன்னேன்.

“ஏட்டி, பத்தாங்கிளாஸ் படிச்ச எனக்கு நீ ஆனா போடச் சொல்லித் தாரியா?” என்று சிரித்தாள். “நான் மூணு வயசுல போட்டதை நீ முப்பதுல போட்டுட்டு என்ன மிரட்டு மிரட்டுத!”

“சிரிக்காத. போடு. சுழி, இழு. வயிறு, அடக்கு...”

“வயிறுன்னு சொல்லாத” என்றாள். சிரிப்பு நின்றுவிட்டது. என் கையை எடுத்துத் தன் ஏப்ரனுக்கு உள்ளே வைத்தாள். எனக்குப் புரிந்துவிட்டது.

“எத்தனை மாசம்?”

“நாலு முடிஞ்சிட்டு. யாரிட்டயும் சொல்லிராத பூரணம், கண்ணு பட்டுரும். கம்பெனிக்குத் தெரிஞ்சா வீட்டுல போய்ப் படுன்னு சொல்லிருவான். படுத்துக் கிடந்துதான் மூணையும் தொலைச்சேன். இப்படி நின்னு வேலை பாத்தா இது தங்கும்னு தோணுது.”

அது சரியில்லை என்று எனக்குத் தெரிந்தது. ஆனால் அவள் முகம் அப்படி இருந்தது. வாயை மூடிக்கொண்டேன். தினமும் அவளுக்கு ‘அ’ சொல்லிக் கொடுத்தேன். ஒரே மாதத்தில் என்னைவிட வேகமாகப் போட்டாள். நடுவிரலால் தொடையில் எழுதிக்கொண்டே நிற்பாள். தலைக்கு மேலே பச்சை. ஏழாம் மாதமும் வந்தது. தொளதொளக் கோட்டும் ஏப்ரனும் எல்லாவற்றையும் மூடிவிட்டன.

ஐப்பசியில் ஒரு புதன்கிழமை. டீ முடிந்து வந்து நின்று கொஞ்ச நேரம் ஆகியிருக்கும். ஜெனோவாவின் விளக்கு சிவந்தது. நான் நிமிர்வதற்குள் மஞ்சள். இன்னொரு இறாலை உரிப்பதற்குள் பச்சை. கெட்டிக்காரி என்று கண்ணாலேயே சொன்னேன். அவளும் கண்ணைச் சிமிட்டினாள். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் சிவப்பு, மறுபடியும் பச்சை. ஒரு மணி நேரத்தில் ஆறு தடவை. ஒவ்வொரு தடவையும் முந்தியதைவிடச் சீக்கிரம். எனக்கு உள்ளூரப் பெருமை.

தட்டு மாற்றக் குனிந்தபோது தரையைப் பார்த்தேன். எங்கள் மேஜைக்கு அடியில் எப்போதும் தண்ணீர் ஓடும், சாம்பல் நிறத்தில். அவள் பூட்ஸ் பக்கத்தில் அது ரோஸாக ஓடியது.

மேஜையைச் சுற்றி ஓடினேன். “ஜெனோவா, வலிக்கா?”

“இல்ல.”

“வலி வந்துதா, வரலியா?”

“வந்துது. ஆனா போட்டேன். போயிட்டுது.”

பூசை நடுவில் தூங்கி விழுகிறவள் பேசுகிற மாதிரி அவ்வளவு அமைதியாகச் சொன்னாள்.

முதலுதவி அறைக் கட்டிலில் படுக்க வைத்தோம். சுபாஷினி ஏப்ரனை விலக்கிப் பார்த்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். திட்டுவதற்கு அவளுக்கு நேரமில்லை. வயிற்றில் கை வைத்தாள். வைத்த கையை எடுக்கவேயில்லை.

“கல்லு மாதிரி இருக்கு. விட்டு விட்டு இறுகணும், இது விடவே மாட்டேங்குது. உள்ள ரத்தம் கசியுது போல. இதுக்கு அவங்க கத்தணும்க்கா. இந்தக் கட்டிலை உடைக்கிற மாதிரிக் கத்தணும்.”

ஜெனோவா என்னைப் பார்த்துச் சிரித்தாள். “ஒண்ணும் இல்லட்டி. பச்சைதான?”

சுபாஷினி சுவரில் இருந்த திரையில் ஆம்புலன்சைக் கூப்பிட்டாள். பட்டையைக் காட்டச் சொல்லிக் கேட்டது ஒரு குரல். காட்டினாள். வலி இல்லை, பதற்றம் இல்லை, இடது பக்கமாகப் படுக்க வையுங்கள், வண்டி ஒன்றே முக்கால் மணி நேரத்தில் வரும் என்றது.

“ரத்தம் போகுதுங்க! நான் நர்ஸ் சொல்றேன்!”

பதிவு செய்துகொண்டோம் என்றது குரல். அதோடு சரி.

“அதென்ன அநியாயம் பிள்ள?” என்றேன்.

“எல்லார் கையிலயும் பட்டை வந்த பிறகு ஊரு முழுக்க அப்படித்தான்க்கா. முதல் வண்டி சிவப்புக்கு, அடுத்தது மஞ்சளுக்கு. பச்சைக்கு மிச்சம் இருந்தா. எத்தனையோ பேர் வலிக்குன்னு பொய் சொல்லி வண்டி கேட்டாங்க. அதான், வாய் சொல்றதை எடுக்காதே, உடம்பு சொல்றதை எடுன்னு வச்சிட்டாங்க. ஆஸ்பத்திரிக்குள்ள போனாலும் இதே கணக்கு. கம்பெனி வேன்ல ஏத்தி ஓட்டிட்டுப் போனாக்கூட வராண்டாவுலதான் போடுவாங்க.”

“கழட்டிருவமே?”

“கழட்டினா ஆளே இல்லைன்னு காட்டும். இன்னொருத்தி கையில மாட்டினா நாடி வேறன்னு அணைஞ்சிரும்.” திரையைத் திரும்பிப் பார்த்தாள். “சிவப்பு ஒரு நிமிஷம் நின்னாப் போதும்க்கா. எட்டு நிமிஷத்துல வண்டி வந்திரும்.”

ஜெனோவாவின் புஜத்தைப் பிடித்து நகம் பதியக் கிள்ளினேன். “ஆ” என்றாள். சிவந்தது. உடனே அவள் நடுவிரல் விரிப்பில் எழுதத் தொடங்கியது. சுழி, வயிறு, கோடு. பச்சை. இன்னும் பலமாகக் கிள்ளினேன். இந்த முறை சிவக்கக்கூட இல்லை. விரல் மட்டும் எழுதிக்கொண்டிருந்தது. அவள் அதைப் பார்க்கவேயில்லை.

“ஜெனோவா, போடாத. ஆனா போடாத.”

“நான் எங்க போடுதேன்?” என்றாள்.

உடம்பு உங்களைக் கேட்கவே கேட்காது என்று சுபாஷினி சொன்னது அப்போதுதான் என் காதில் விழுந்தது.

சுபாஷினி வயிற்றில் குழாய் மாதிரி ஒன்றை வைத்து, பிள்ளையின் துடிப்பைக் கேட்டாள். எனக்கும் கேட்டது. ஓடிவந்த குதிரை ஒன்று நடக்கத் தொடங்குகிற மாதிரி இருந்தது.

“வலி அவங்களுக்குப் பழக்கமாயிருச்சுக்கா” என்று என் காதோடு சொன்னாள். “வலி வந்தா என்ன பண்ணணும்னு அந்த உடம்புக்குத் தெரியும். தெரியாதது ஏதாச்சும் வரணும்.”

தெரியாதது ஒன்று இருந்தது. எனக்கு அது தெரியும்.

கரையில் ஒரு வழக்கம் உண்டு. ஆள் கடலில் இருக்கும்போது, எப்போ வருவார் என்றுகூடக் கேட்க மாட்டார்கள். கரைக்கு வரட்டும் என்பார்கள், அவ்வளவுதான். கவிழ்வது, முங்குவது என்கிற சொல்லை வீட்டுக்குள் எடுக்க மாட்டார்கள், சோற்றுப் பானையைக்கூடக் கவிழ்த்து வைக்க மாட்டார்கள். சொன்னால் நடந்துவிடும். நான் உப்பளத்துக்காரி, கடல்காரி இல்லை. ஆனால் பதினாறு வருஷம் அவர்கள் நடுவில் நின்றவள். கித்தேரியான் கடலுக்குப் போய் அன்றைக்கு மூன்றாம் நாள்.

கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன். அவள் முகமூடியைக் கழற்றி அவள் முகத்தைப் பார்த்தேன். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் முழு முகத்தைப் பார்க்கிறேன். வெளுத்துப் போய் இருந்தது.

“ஜெனோவா. கரையிலேருந்து போன் வந்துது.”

“என்னவாம்?”

“கித்தேரியான் போன படகு கவுந்துட்டுதாம். ரெண்டு பேரைத் தூக்கிட்டாவளாம்.” அவள் பட்டையைப் பார்த்தேன். “உன் ஆளு அதுல இல்ல.”

விரல் நின்றது. சுழி போட்டு, வயிற்றைப் பாதி வளைத்த இடத்தில் நின்றது. கண் என் முகத்தையே பார்த்தது, பொய் என்று சொல்லிவிடு என்கிற மாதிரி. நான் சொல்லவில்லை. மஞ்சள். சிவப்பு. அப்புறம் அவள் கத்தினாள். அதுவரை எழுதி எழுதி அடக்கி வைத்த அத்தனை வலியும் ஒரே வாயில் வந்தது. ஹாலில் அறுபது பெண்கள் இறாலைப் போட்டுவிட்டு ஓடிவந்தார்கள்.

சுபாஷினி அவள் கையைத் திரைக்கு நேரே தூக்கிப் பிடித்தாள். வண்டி வருகிறது என்றது குரல்.

அப்போதுதான் என் கையைப் பார்த்தேன். அவ்வளவு பெரிய பாவத்தைச் சொல்லிவிட்டு, நெஞ்சு வெடிக்கிற மாதிரி உட்கார்ந்திருக்கிறேன். என் மணிக்கட்டில் பச்சை எரிந்தது.

வயிற்றைக் கிழித்து எடுத்தார்கள். பெண் பிள்ளை. ஒன்றரைக் கிலோகூட இல்லை. இன்னும் அரை மணி நேரம் போயிருந்தால் இரண்டு பேருமே இல்லை என்று டாக்டரம்மா சொன்னார்களாம். பிள்ளையை நாற்பது நாள் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்தார்கள்.

கித்தேரியான் மறுநாள் சட்டையில் உப்புப் பூக்க ஆஸ்பத்திரிக்கு ஓடிவந்தார். அவரைக் கண்டதும் ஜெனோவா கத்திய கத்து முந்தின நாள் கத்தைவிடப் பெரிது என்றார்கள். நான் பார்க்கப் போனபோது சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“உசிரைக் காப்பாத்தினதுக்குக் கையெடுத்துக் கும்பிடுதேன்” என்றாள் சுவரிடம். “அந்தச் சொல்லைச் சொன்ன வாயோட என் வாசல்ல வந்து நிக்காத.”

நான் நிற்கவில்லை. பிறகு மற்றவர்கள் சொல்லித்தான் தெரியும். கித்தேரியான் வலையைத் தூக்கினாலே அவள் பட்டை சிவந்துவிடுகிறதாம். வேலைக்குத் திரும்புகிறவரை அதைக் கழற்றக் கூடாது என்று கம்பெனி உத்தரவு. ‘அ’ போட்டுப் பார்க்கிறாளாம். வயிற்றோடு நின்றுவிடுகிறதாம். கோடு வருவதில்லையாம். ஒருத்திக்கு அமைதியைச் சொல்லிக் கொடுத்தவளும் நான்தான், அதை எடுத்துக்கொண்டவளும் நான்தான்.

இது நடந்து மூன்று மாதம் கழித்து ஒருநாள் பூட்ஸைக் கழற்றும்போது நாற்றம் வந்தது. இறால் நாற்றம் எனக்குத் தெரியும். இது வேறு. காலுறை பாதத்தோடு ஒட்டியிருந்தது. நனைத்துப் பிய்த்தேன். பெருவிரலுக்குக் கீழே கறுத்துக் குழியாக இருந்தது. பூட்ஸுக்குள் கைவிட்டுப் பார்த்தேன். மீன்பெட்டி ஆணி ஒன்று அடியில் குத்தி உள்ளே நீட்டிக்கொண்டிருந்தது. அதன்மேல்தான் நின்றிருக்கிறேன். எத்தனை நாள் என்று தெரியாது. நான்கு நாளா, பத்து நாளா? கணுக்கால் வீங்கி, அங்கிருந்து முழங்காலை நோக்கிச் சிவப்பாக ஒரு கோடு ஏறியிருந்தது.

விரலால் அமுக்கினேன். சீழ் வந்தது. வலி வரவில்லை.

சுபாஷினி பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். “இன்னைக்கே கிழிச்சுச் சுத்தம் பண்ணணும்க்கா. விஷம் மேல ஏறுது. விட்டா காலை எடுக்கணும். அதுக்கு மேல விட்டா...” முடிக்கவில்லை.

திரையில் காட்டினாள். காலையும் காட்டினாள், பட்டையையும் காட்டினாள். வலி இல்லை, பதற்றம் இல்லை, பதினோராம் நாள் ஆஸ்பத்திரிக்கு வரலாம் என்றது குரல்.

“சிவப்பு வரணும்க்கா. எப்படியாச்சும் வரணும்.”

அன்று முழுக்க முயன்றேன். காயத்தில் உப்பை அள்ளி வைத்தேன். சுடுதண்ணீரை ஊற்றினேன். வீட்டுக்காரரைத் தூக்கிக்கொண்டு போன நாளை நினைத்தேன். ஒற்றைக் காலோடு இறால் மேஜைமுன் நிற்பதாக நினைத்தேன். பயம் இல்லாமலில்லை. உள்ளே ஒருத்தி தலைவிரி கோலமாகக் கத்திக்கொண்டிருந்தாள். உடம்பு அவளை உள்ளே வைத்துக் கதவைச் சாத்திவிட்டது. வெளியே வந்து எல்லாம் சரியாயிருக்கு என்று சொல்லிக்கொண்டிருந்தது. என் கை எனக்கெதிராகச் சாட்சி சொன்னது.

மறுநாள் காலையில் கோடு முழங்காலைத் தொட்டிருந்தது. உடம்பு கணகணவென்று இருந்தது. ஆட்டோ பிடித்துத் திரேஸ்புரம் போனேன். வேறு யாரிடம் போவேன்? சிவப்பு வராமல் சாகக் கிடந்து, சிவப்பு வந்து பிழைத்தவள் ஊரிலேயே அவள் ஒருத்திதான்.

ஜெனோவா கதவைத் திறந்தாள். உள்ளே வா என்று சொல்லவில்லை. போ என்றும் சொல்லவில்லை. வாசல்படிக்கு வெளியே நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். காலுறையை இறக்கிக் காட்டினேன். அவள் காலைப் பார்த்தாள், பட்டையைப் பார்த்தாள்.

“என்னை என்ன செய்யச் சொல்லுத?”

“என்னைப் பயமுறுத்து பிள்ள. நான் உனக்குச் செஞ்ச மாதிரி.”

“உனக்கு யாரு இருக்கா, யாரைச் சொல்லிப் பயமுறுத்த?”

புண்படுத்த வேண்டுமென்று அவள் சொல்லவில்லை. உண்மை அதுதான். பிறகு என்னை உள்ளே வரச் சொல்லி நாற்காலியைக் காட்டினாள். தண்ணீர் எடுத்து வருகிறேன் என்று அறைக்குள் போனாள். அங்கே தொட்டில் கட்டியிருந்தது தெரிந்தது. அந்தப் பிள்ளையை நான் இன்னும் பார்த்ததில்லை. கண்ணாடிப் பெட்டிக்கு வெளியே தூர நின்று, துணிச் சுருளை மட்டும் பார்த்திருக்கிறேன். ஆனால் ஒருநாள் தவறாமல் அது எத்தனை கிலோ ஆயிற்று என்று ஆள்விட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

உள்ளே சத்தமில்லை. பிறகு ஜெனோவாவின் குரல் வந்தது. கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி.

“பூரணம்... புள்ளைக்கு மூச்சு இல்லட்டி.”

நான் எழுந்தேன். எழுந்தேன் என்றுதான் நினைத்தேன். பார்த்தால் உட்கார்ந்தே இருக்கிறேன். எனக்குள்ளே இருக்கிறவள் கதவில் முட்டிக்கொள்கிறாள், ஐயோ ஐயோ என்கிறாள். என் வலது கை நடுவிரல் தொடையில் எழுதிக்கொண்டிருந்தது. சுழி. வயிறு. கோடு. நான் எழுதவில்லை. அதுவாக எழுதியது. மூச்சு சீராகப் போய்ச் சீராக வந்தது.

பச்சை.

உள்ளே பிள்ளை வீறிட்டு அழுதது. ஜெனோவா அதைத் தோளில் போட்டுக்கொண்டு அறை வாசலில் வந்து நின்றாள். பிள்ளையை அவள் பார்க்கவில்லை. என் மணிக்கட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“உனக்கு... ஒண்ணுமே வரலியா?” என்றாள்.

“வந்துது பிள்ள. உள்ள வந்துது. வெளிய வர மாட்டேங்குது.”

என் பக்கத்தில் வந்து கண்ணுக்கு நேரே குனிந்து பார்த்தாள். விளக்கு வருவதற்கு முன்னால் நாங்கள் ஒருத்தியை ஒருத்தி பார்ப்போமே, அப்படி. என்ன கண்டாளோ தெரியாது. அவள் முகம் மாறியது. “மாதாவே” என்று என் காலைப் பார்த்தாள், திரும்பவும் என் கண்ணைப் பார்த்தாள். பிள்ளையைப் பிடித்திருந்த அவள் கையில் மஞ்சள் எரிந்தது. பிறகு சிவப்பு.

அன்றைக்குக் கித்தேரியான் கடலுக்குப் போகவில்லை. பின்கட்டில் வலை பின்னிக்கொண்டிருந்தார். அவருக்காக வந்த சிவப்பில்லை அது.

ஜெனோவா போனை எடுத்து, தன் பட்டையை அதற்கு நேரே நீட்டினாள். சிவப்பு அணையாமல் நின்றது. ஒரு நிமிஷம். அதற்கு மேலும்.

வண்டி ஒன்பது நிமிஷத்தில் வந்தது. இறங்கிய ஆள் கையில் கருவியோடு வாசலில் நின்று, “சிவப்பு யாருக்கும்மா?” என்றார்.

“எனக்கு” என்று கையைக் காட்டினாள்.

அவர் பட்டையைப் பார்த்தார். அவளை மேலும் கீழும் பார்த்தார். “எங்க வலிக்கு?”

ஜெனோவா பிள்ளையை ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு மாற்றிக்கொண்டு குனிந்தாள். நாற்காலிக்கு முன்னால் நீட்டியிருந்த என் காலின் மேல் கையை வைத்தாள்.

“இங்க” என்றாள்.